சுட்ட துப்பாக்கிக் குழலை ஆற வைப்பது: சிங்கப்பூர் ஈரத்தில் எந்த வழி சரிப்படும்?

.308 ரைஃபிளில் (0.308 அங்குல விட்டக் குண்டைச் சுடுவது) இருபது ரவுண்டு நிறுத்தாமல் சுட்டுவிட்டுக் குழலின் நடுவில் விரலை வைத்தால், இரண்டு நொடிக்கு மேல் தாங்காது. அடுத்த இருபதைச் சுடுவதற்குள் அதை எப்படி ஆற வைப்பது? போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் அடைப்பை) திறந்து வைத்துக் காத்திருக்கலாம். விசிறி வைக்கலாம். ஈரத் துணி சுற்றலாம். ஐஸ் பை வைக்கலாம் என்பவர்களும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்தோ ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளிலிருந்தோ வருகின்றன. அங்கே துணியை நனைத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் தானே காய்ந்துவிடும். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு உட்கார்ந்து துடைத்து எண்ணெய் போடலாம்.

நமக்கு அந்த இரண்டும் கிடையாது. நம் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவிகிதத்துக்கு மேல். துப்பாக்கியோ சுட்டு முடித்ததும் ஆயுதக் கிடங்குக்குப் போய்விடும். அடுத்த முறை அதைக் கையில் எடுப்பது ஒரு வாரம் கழித்தோ இரண்டு வாரம் கழித்தோதான். அதனால் ‘எது வேகமாக ஆற்றும்’ என்று கேட்பது மட்டும் நமக்குப் போதாது. ‘எது ஈரத்தை விட்டுவைக்காமல் ஆற்றும்’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே காற்றை நம்புங்கள், தண்ணீரைக் கடைசியில் வையுங்கள், ஐஸ் பக்கமே போகாதீர்கள்.

முதலில், உங்களுக்கு இந்தக் கவலை தேவையா?

சிங்கப்பூரில் ரைஃபிள் சுடுபவர்களில் பலர் பிடிப்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது 50 மீட்டருக்கான .22 ரைஃபிள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் ஜாஸ்மின் செர் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவிலும் தங்கம் வென்றார். எல்லாம் இந்த வகைத் துப்பாக்கிகளில்தான். ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே எரிவதில்லை, அதனால் சூடு என்ற பேச்சுக்கே இடமில்லை. .22 தோட்டாவில் இருக்கும் மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கனமான போட்டிக் குழலில் அறுபது ரவுண்டு சுட்டாலும் ஏறும் சூடு ஏழெட்டு டிகிரிக்குள்தான். நடுப்பகல் வெயில் நேராக விழுந்தால் அதைவிட அதிகமாக ஏறும். .22 சுடுபவர் விசிறிக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் நல்ல தோட்டாவாக வாங்கிக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியவர்கள் ஃபுல்போர் (.308 போன்ற பெரிய தோட்டா) சுடுபவர்கள், 300 மீட்டரும் அதற்கு மேலும் சுடுபவர்கள், வெளிநாட்டு ரேஞ்சுக்குப் போய் ஒரே நாளில் நிறையச் சுட்டுவிட்டு வருபவர்கள். தேசிய சேவையில் எஸ்.ஏ.ஆர். 21 ராணுவ ரைஃபிளைச் சுட்டவர்களுக்குச் சூடான குழல் புதிதல்ல. ஆனால் அங்கே ரவுண்டும் நேரமும் அளந்து கொடுக்கப்படும், நடுவில் ஆற வைப்பதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியதில்லை. சொந்தமாகக் குறி பழகும்போதுதான் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

எவ்வளவு சூடு, எங்கே சேர்கிறது

ஒரு .308 தோட்டாவில் ஏறக்குறைய 2.9 கிராம் மருந்து இருக்கும். அது எரிந்தால் சுமார் 11 கிலோஜூல். 168 கிரெயின் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும்போது அதில் 3.5 கிலோஜூல் போகிறது. அதைவிடப் பெரிய பங்கு சூடான வாயுவோடு குழல்வாய் வழியே வெளியேறிவிடும். மீதி, தோராயமாகக் கால்வாசி, குழலின் எஃகுக்குள் இறங்குகிறது. இரண்டரைக் கிலோ எடையுள்ள கனத்த போட்டிக் குழலில் இது ரவுண்டுக்கு 2 டிகிரிக்குச் சற்று அதிகம். ஒன்றேகால் கிலோ மெல்லிய வேட்டைக் குழலில் 4 முதல் 5 டிகிரி. அதனால்தான் ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு பேரில் ஒருவர் இருபது ரவுண்டு கவலையில்லாமல் சுடுகிறார், பக்கத்தில் இருப்பவர் ஐந்தாவதிலேயே முகம் சுளிக்கிறார்.

31 டிகிரிக் காற்றில் தொடங்கி இருபது ரவுண்டு வேகமாகச் சுட்டால் கனத்த குழலும் 70-ஐத் தாண்டும். சூடு ஒரே சீராகவும் இருக்காது. சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறைக்கு) முன்னால், குண்டு வரிப்பள்ளத்துக்குள் நுழையும் தொண்டைப் பகுதியில், உள்சுவரின் மேற்பரப்பு ஒவ்வொரு முறையும் சில மில்லிநொடிக்கு 1000 டிகிரியை எட்டுகிறது. அந்தச் சூடு பிறகு மெதுவாக வெளியே பரவும். சுட்டு நிறுத்திய உடனே தொட்டுப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று நினைப்போம். அரை நிமிடம் கழித்துத் தொட்டால் முன்பைவிடச் சுடும். காரணம் இதுதான்.

அளந்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் குழலின் மேல் காட்டினால் அது பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாகவே கதிர்வீசும், கருவி 70 டிகிரிக் குழலை 40 என்று காட்டக்கூடும். குழலில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு மின்கம்பி நாடா ஒட்டி, அதன்மேல் காட்டுங்கள். எண் சட்டென்று ஏறும். நாடாவைச் சேம்பரிலிருந்து ஒரு சாண் முன்னால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒட்டினால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடலாம்.

சூட்டால் உண்மையில் கெடுவது எது

இதைத் தெரிந்துகொள்ளாமல் விசிறி வாங்குவது வீண். ‘குழல் தேய்ந்துவிடும்’ என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் காரணம். .308 குழல் குறி தவறாமல் 3000 முதல் 5000 ரவுண்டு வரை வரும் என்பது சுடுபவர்கள் மத்தியில் புழங்கும் கணக்கு. 6.5 கிரீட்மோர் தோட்டா சுடும் குழலுக்கு அதைவிடக் குறைவு. இந்தத் தேய்மானம் நடப்பது அந்த 1000 டிகிரி மேற்பரப்பில். குழல் 75-இல் தொடங்கினாலும் 40-இல் தொடங்கினாலும் அந்த உச்சத்தில் பெரிய மாற்றம் வராது. தொட முடியாத சூட்டுக்குப் பிறகும் மடமடவென்று சுட்டுக்கொண்டே போவதுதான் குழலைத் தின்னும். ஆற அமரச் சுடுபவருக்குக் குழலாயுள் இரண்டாம்பட்சம்.

குறி நகர்வது அடுத்தது. உள் இறுக்கம் நீக்கப்பட்ட நல்ல குழல், கட்டையை (குழலைத் தாங்கும் துப்பாக்கி உடலை) தொடாமல் தனித்து நிற்கும்படி பொருத்தப்பட்டிருந்தால், சூடேறினாலும் குண்டுகளை ஒரே இடத்தில்தான் போடும். மெல்லிய குழலோ கட்டையில் உரசும் குழலோ ஒரு பக்கமாக நகரும். உங்களுடையது எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. பத்து ரவுண்டை ஒரே சீரான வேகத்தில் சுட்டு, முதல் மூன்றின் மையத்தையும் கடைசி மூன்றின் மையத்தையும் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் பயப்படும் பிரச்சினை உங்கள் துப்பாக்கியில் இல்லை.

மூன்றாவது கானல். அதிகம் பேர் குழலின் மேல் பழி போடுவது உண்மையில் இதனால்தான். சூடான குழலிலிருந்து எழும் காற்று ஸ்கோப்பின் முன்னால் நெளியும். இலக்கு நீந்துவதுபோல் தெரியும், கறுப்பு வட்டம் சற்று மேலே தூக்கினாற்போல் நிற்கும். கூரையுள்ள சுடுமேடையில் காற்று அசையாத நாளில் இது இன்னும் மோசம். குழல் நேராகத்தான் இருக்கிறது. நாம் குறி வைப்பது இல்லாத இடத்துக்கு.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. சூடான சேம்பருக்குள் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு காற்று அடங்கட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தால் மருந்து சூடேறும். பழைய வகை மருந்துகளில் ஒவ்வொரு டிகிரிக்கும் குண்டின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டரோ அதற்கு மேலோ கூடும். 50 மீட்டரில் இது தெரியவே தெரியாது. 800, 900 மீட்டரில் அந்த ஒரு ரவுண்டு மட்டும் காரணமில்லாமல் மேலே போய் உட்காரும். இதற்குத் தீர்வு குழலை ஆற்றுவதல்ல. சுடத் தயாரான பிறகுதான் போல்ட்டை மூட வேண்டும், அவ்வளவுதான். தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்காமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

காத்திருப்பதும் மாற்றி மாற்றிச் சுடுவதும்

செலவில்லாத வழி, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். இரண்டரைக் கிலோக் குழல், அசையாத காற்றில், 70-இலிருந்து 45-க்கு இறங்க எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டால் நாற்பது நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. லேசான காற்று வீசினால் பாதிக்கும் குறைவு. காற்றே 31 டிகிரி என்பதால் கடைசிப் பத்து டிகிரி இறங்குவதற்குள் யுகம் ஆகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதுபோல் ‘குளிரும்வரை காத்திரு’ என்று இருந்தால் நம் லேன் நேரம் முடிந்துவிடும். 45 டிகிரியில், உள்ளங்கையை வசதியாக வைத்திருக்க முடிகிற சூட்டில், மறுபடி தொடங்கிவிடுங்கள். 35-க்காகக் காத்திருப்பதில் லாபமில்லை.

குழல்வாயை மேலே நிமிர்த்தி வைத்தால் புகைபோக்கிபோல் காற்று உள்ளே ஓடும் என்று சொல்வார்கள். விதி சரிதான், ஆனால் இங்கே ரேஞ்சில் துப்பாக்கியை நம் விருப்பப்படி நிமிர்த்தி வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. குழல்வாய் இலக்குப் பக்கம், போல்ட் திறந்து, சேம்பரில் அது காலி என்று காட்டும் கொடி. அந்த நிலையிலேயே ஆறட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜோடியாகச் சுடுவது. பிரிட்டனின் பிஸ்லி முறையில் இரண்டு மூன்று பேர் ஒரே இலக்கில் மாறி மாறிச் சுடுவார்கள், ஒவ்வொருவருக்கும் 45 நொடி. உங்கள் முறை வருவதற்குள் ஒன்று, ஒன்றரை நிமிடம் ஓடிவிடும். 15 ரவுண்டு முடிந்தாலும் குழல் 50 சொச்சத்திலேயே நிற்கும். அதோடு அடுத்தவர் சுடும்போது அவருடைய குண்டு எங்கே விழுகிறது, காற்று எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். குழல் ஆறுகிற நேரத்தில் காற்றைப் படிக்கப் பழகுகிறோம். எங்களோடு சுடும் மூத்தவர் ஒருவர் புதிதாக வரும் பையன்களிடம், “தம்பி, போல்ட்டைத் திறந்து வச்சுட்டு என் குண்டு எங்க விழுதுன்னு பார்த்துச் சொல்லு” என்பார். அவருடைய ரைஃபிளில் விசிறியும் கிடையாது, துணியும் கிடையாது. கனத்த குழல், அதன்மேல் ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு ஜோடி. அவ்வளவுதான்.

அந்தப் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழலின் மேற்புறம், ஸ்கோப்பின் முன்னாலிருந்து குழல்வாய்ப் பக்கம் வரை, இரண்டு விரல் அகலத்தில் ஒரு நீளப் பட்டை. துணியாலோ பிளாஸ்டிக்காலோ கெட்டி அட்டையாலோ செய்யலாம். குழலில் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு நிற்க வேண்டும். எழும் சூட்டுக் காற்றை அது இரு பக்கமும் தள்ளிவிடும், ஸ்கோப்பின் முன்னால் படம் தெளியும். இது குழலை ஒரு டிகிரிகூட ஆற்றாது. ஆனால் ‘குழல் சூடாகிவிட்டது, குண்டு சிதறுகிறது’ என்று வருந்தும் பலருக்கு இந்தப் பட்டை ஒன்றே போதும். வேறு எதற்கும் காசு செலவழிப்பதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

விசிறி

‘இவ்வளவு ஈரக் காற்றில் விசிறி என்ன செய்யும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் உடம்புக்கு விசிறி குளிர்ச்சி தருவது வியர்வையை ஆவியாக்குவதால். ஈரமான காற்றில் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் விசிறி தரும் சுகமும் குறைகிறது. குழலுக்கு வியர்வை கிடையாது. 70 டிகிரி எஃகின்மேல் 31 டிகிரிக் காற்று ஓடினால் போதும், சூடு போய்விடும். காற்றில் ஈரம் 50 சதவிகிதமா 90 சதவிகிதமா என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சிங்கப்பூருக்கு விசிறிதான் இயல்பான வழி என்று நான் நினைப்பதற்குக் காரணம் இது.

இரண்டு வகை உண்டு. ஒன்று, சேம்பருக்குள் மூக்கை நுழைத்துக் குழலின் உள்ளே காற்றை ஊதும் சின்னக் கருவி. மேக்னட்டோஸ்பீட் நிறுவனத்தின் ரைஃபிள்கூல் அந்த ரகம். சூடு அதிகமாகச் சேரும் தொண்டைப் பகுதியிலிருந்தே ஆற்றத் தொடங்குவது அதன் பலம். பலவீனம், துளை. .308 குழலின் துளை 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வழியே எவ்வளவு காற்றைத்தான் தள்ள முடியும்? நல்ல கருவியாக இருந்தாலும் காத்திருக்கும் நேரத்தைப் பாதியாக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 6 மில்லிமீட்டர் துளையென்றால் அதுவும் குறையும்.

இன்னொன்று, சாதாரண மேசை விசிறி. யு.எஸ்.பி.யில் ஓடும், பவர் பேங்க்கில் செருகலாம், சில பத்து வெள்ளிக்குள் கிடைக்கும். குழலுக்குப் பக்கவாட்டில், ஒரு முழத் தூரத்தில், காற்று குழலின் நீளம் முழுவதும் படும்படி வைத்தால் 70-இலிருந்து 45-க்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். குழலின் வெளிப்பரப்பு உட்பரப்பைப்போல் மூன்று மடங்கு, அங்கே காற்றுக்குத் தடையும் இல்லை. அதனால் விலை குறைந்த மேசை விசிறி, விலை கூடிய சேம்பர் விசிறியை எளிதாக வென்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் எட்டொன்பது நிமிடம். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் மேசை விசிறியை வாங்குங்கள்.

சேம்பர் விசிறிக்கு இடம் கிடையாது என்று சொல்லவில்லை. மரக்கட்டையோ கைப்பிடி உறையோ குழலின் பாதியை மூடியிருக்கும் துப்பாக்கிகளில் வெளிக்காற்று பட வழியில்லை, அங்கே உள்ளிருந்து ஊதுவதுதான் ஒரே வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: சேம்பரில் எதைச் செருகுவதாக இருந்தாலும் ரேஞ்ச் அதிகாரியிடம் முன்பே காட்டி அனுமதி வாங்குங்கள். சேம்பர் காலி என்று அவர் தூரத்திலிருந்தே பார்த்து உறுதிசெய்ய முடிய வேண்டும். கொடி வெளியே தெரியாத கருவியாக இருந்தால் அவர் மறுப்பதுதான் நியாயம். அப்புறம், இலக்குப் பக்கம் ஆள் போயிருக்கும் நேரத்தில் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதால், விசிறியை ஓடவிடுவதை அதற்கு முன்பே முடித்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும்.

இந்த ஈரக் காற்றைக் குழலுக்குள் ஊதினால் துரு பிடிக்காதா? குழல் காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை உள்ளே நீர் படியாது. கவனமாக இருக்க வேண்டிய நேரம் வேறு. குளிரூட்டிய கிடங்கிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம். குளிர்சாதனப் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல் குளிர்ந்த எஃகின்மேலும் ஈரம் பூக்கும். அந்த நேரத்தில் ஊதினால் ஈரத்தை நாமே உள்ளே அனுப்புகிறோம். பெட்டியிலேயே வைத்து வெளிச்சூட்டுக்கு வரவிட்டு, முதல் ரவுண்டுக்கு முன் உலர்ந்த துணியை ஒருமுறை உள்ளே ஓட்டி எடுங்கள்.

ஈரத் துணி

வேகத்தில் இதை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது 2.3 கிலோஜூலுக்கு மேல் எடுத்துக்கொண்டு போகும். கனத்த குழலை 70-இலிருந்து 45-க்கு இறக்க 12, 13 கிராம் ஆவியானால் போதும், இரண்டரைத் தேக்கரண்டி. ஐந்தே நிமிடத்தில் வேலை முடியும், பக்கத்தில் விசிறியும் ஓடினால் அதிலும் பாதி. நம் ஈரக் காற்றிலும் சூடான குழலின்மேல் தண்ணீர் நன்றாகவே ஆவியாகும், ஏனென்றால் 60, 70 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் நம் காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். 40-ஐ நெருங்கும்போதுதான் சுணங்கும். அதற்குமேல் துணியை விட்டுவைப்பது குழலை நனைத்து வைப்பதுதான்.

‘சூடான எஃகில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்’ என்ற பயம் இந்தச் சூட்டில் தேவையில்லை. குழல் எஃகைப் பதப்படுத்தும் வெப்பம் பல நூறு டிகிரி. 70, 80-இலிருந்து ஈரத் துணியால் ஆற்றுவது அதன் குணத்தைத் தொடாது. உண்மையான ஆபத்து துருதான். துணியிலிருந்து சொட்டும் நீர் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இறங்கும், ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகுக் கூட்டின்) அடிக்குப் போகும், திருகுத் துளையில் தங்கும். அதை ரேஞ்சில் கழற்றித் துடைக்க முடியாது. பெட்டிக்குள் மூடி, கிடங்கில் ஒரு வாரம். குரோம்-மாலி (ஸ்டெயின்லெஸ் அல்லாத குழல் எஃகு) ஆக இருந்தால் அடுத்த வாரம் பழுப்புப் புள்ளி காத்திருக்கும். ஸ்டெயின்லெஸ் தாங்கும், ஆனால் அதோடு பொருந்திய எல்லாத் திருகும் ஸ்டெயின்லெஸ் அல்ல.

அப்படியும் போடத்தான் வேண்டும் என்றால், தடித்த டர்க்கி டவல் வேண்டாம். தேக்காவில் கிடைக்கும் மெல்லிய ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுகூட விழாதபடி முறுக்கிப் பிழிந்து, குழலின் நடுவிலிருந்து முன்பக்கம் வரை மட்டும் ஒற்றைச் சுற்றாகப் போடுங்கள். சேம்பர் பக்கம் ஒரு சாண் விட்டுவிடுங்கள். முதல் துண்டு ஒரு நிமிடத்தில் கையைச் சுடுகிற அளவுக்குச் சூடாகிவிடும். அதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டால் வேகம் குறையாது. வெளிப்புறம் முழுவதும் ஒரே சீராகப் படட்டும், மேல்பக்கம் மட்டும் போட்டால் குழலின் இரு பக்கமும் வேறு வேறு சூட்டில் நின்று முதல் ஓரிரண்டு ரவுண்டு விலகலாம். முக்கியமாக, 50 டிகிரி இருக்கும்போதே துணியை எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சூடு மேற்பரப்பின் ஈரத்தைத் தானே உலர்த்திவிடும்.

தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் பயன்படுத்தினால் சட்டென்று உலரும் என்று ஒரு யோசனை உலவுகிறது. வேண்டாம். கிராமுக்கு அது எடுக்கும் சூடு தண்ணீர் எடுப்பதில் பாதிக்கும் குறைவு, தீப்பற்றும் ஆவி வேறு. மருந்து எரியும் இடத்தில் அதைத் திறப்பதற்கே அனுமதிக்கக் கூடாது.

ஐஸும் ‘ஸ்ப்ரே’யும்

சிங்கப்பூர்க் காற்றில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஐஸ் பையைக் குழலில் வைத்து மறந்துவிட்டால் குழல் வெளியே மட்டும் வியர்க்காது, உள்ளேயும் வியர்க்கும். அது கண்ணுக்குத் தெரியாது. குழலுக்குள் நீர் இருக்கும்போது சுடுவது ஆபத்து, குறி கெடுவது அதற்கு அடுத்த விஷயம்தான். கணினியைத் துடைக்கும் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் உறைபனிக் குளிரில் திரவம் வரும், ஆனால் பல டப்பாக்களில் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. கார்பன் டை ஆக்சைடு எரியாது, ஆனால் உறைந்த அதன் வெப்பம் மைனஸ் 78 டிகிரி, படும் இடம் மட்டும் குளிர்ந்து, பக்கம் சூடாகவே இருக்கும். இவற்றில் எதையும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

துளை வழியே தண்ணீர் ஊற்றி ஆற்றுபவர்களும் வெளிநாட்டில் உண்டு. அதற்கு மேசை, குழாய், வடிகால், துடைக்க ஒரு மணி நேரம் எல்லாம் வேண்டும். தண்ணீர் ஆற்றும் வேலையை நன்றாகச் செய்யும் என்பதில் சந்தேகமில்லை. 1942-இல் இந்தத் தீவில் போரிட்ட மான்செஸ்டர் படைப்பிரிவின் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள் குழலைச் சுற்றி ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைச் சுமந்தன. பிறகு வந்த இயந்திரத் துப்பாக்கிகளில் சூடான குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டும் முறை பரவியது. இங்கேயே உருவான அல்டிமேக்ஸ் 100-இல் மார்க் 2-க்கு நிலையான குழல், மார்க் 3-க்குக் கழற்றி மாற்றும் குழல். இவையெல்லாம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடும் ஆயுதங்களுக்கான விடைகள். நிமிடத்துக்கு ஒன்று சுடும் நம்மைப் போன்றவர்கள் அவற்றைப் பார்த்துக் கற்க வேண்டியது அதிகமில்லை.

அப்படியானால் யாருக்கு எது

கனத்த குழல் .308 வைத்து ஜோடியாகச் சுடுபவருக்குக் கானல் பட்டை மட்டும் போதும். தனியாகப் போய், இரண்டு மணி நேர லேனில் ஐம்பது ரவுண்டு முடிக்க வேண்டியவருக்கு மேசை விசிறி. பத்து ரவுண்டு சுட்டு, பத்து நிமிடம் விசிறி, அந்த நேரத்தில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்வது. மெல்லிய குழல்காரர் மூன்று ரவுண்டுக்கு மேல் தொடர்ந்து சுடாமல் இருப்பது எந்தக் கருவியையும்விட நல்லது. இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவர் மாற்றி மாற்றி எடுக்கலாம், ஆனால் இங்கே அந்த வசதி எத்தனை பேருக்கு உண்டு? வெளிநாட்டில் ஒரே நாளில் பெரிய எண்ணிக்கையில் சுட்டு, அன்றிரவே கழற்றித் துடைக்க வாய்ப்பிருப்பவர் ஈரத் துண்டைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். மழைக்காலப் பிற்பகலில் ‘கேட் 1’ என்ற மின்னல் எச்சரிக்கையை அறிவித்து, மின்னல் ஓயும்வரை எல்லாரையும் உட்கார வைத்துவிட்டால், அன்றைக்கு யாருக்கும் எதுவும் தேவைப்படாது.

எந்த வழியில் ஆற்றினாலும் கிடங்கில் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெதுவெதுப்பான குழலை நுரைப் பஞ்சுப் பெட்டிக்குள் உடனே மூடினால் பஞ்சு சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்தே வைத்து, குழல் கைச்சூட்டுக்கு வந்த பிறகு உள்ளே உலர்ந்த துணி ஒன்று, எண்ணெய் தொட்ட துணி ஒன்று. வெளிப்பக்கத்தைத் துடைக்கும்போது குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பாருங்கள். தாள் ஈரமாக வந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகாமல், கிடங்குப் பொறுப்பாளரிடம் சொல்லி அங்கேயே திருகைத் தளர்த்தித் துடைக்க அனுமதி கேளுங்கள்.